தேய்ந்த பிஸ்டலுக்குப் புது மெருகு போடலாமா?

கேள்வி: பிட்ஸ்பர்க் பக்கத்தில் வசிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். என் மனைவி இந்த ஊர்க்காரர். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர். அவர் வைத்திருந்த .45 பிஸ்டல் ஒன்றை, பழைய வீட்டைக் காலி செய்தபோது மாமனார் எடுத்து என்னிடம் கொடுத்தார். தோல் உறைக்குள்ளேயே பல வருடம் கிடந்திருக்கிறது. கறுப்பு நிறம் முனையிலும் ஓரங்களிலும் போய் வெள்ளை உலோகம் தெரிகிறது. ஒரு பக்கத்தில் புள்ளி புள்ளியாகச் சிவப்புத் துரு. ஸ்லைடில் (மேலே முன்னும் பின்னும் நகரும் எஃகுப் பாகம்) 'யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல், ஸ்விஸ்வேல்' என்று இருக்கிறது. வரும் அக்டோபரில் மாமனாருக்கு 75 வயது. அதற்குள் இதைப் புதுசு மாதிரி ஆக்கிப் பரிசாகக் கொடுக்க ஆசை. பழைய பூச்சை எடுத்து, பஃப் போட்டு (சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து), பளபளப்பாக நீலமேற்றி, அதாவது எஃகுக்குக் கருநீல நிறம் ஏற்றித் தருவதாக உள்ளூர்க் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கட்டியிருந்தாலும் திரும்பக் கேளுங்கள். உங்கள் ஆசை நல்ல ஆசை. ஆனால் அந்த வேலை நடந்துவிட்டால் யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பழைய வீட்டிலிருந்து வந்த துப்பாக்கியில் தோட்டா இருக்கும் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் வைக்காமல், மேகசினைக் கழற்றுங்கள். பிறகு ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, குழலின் பின்வாயைக் கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். ஸ்லைடு நகரவில்லை என்றால் பலம் போட்டு இழுக்க வேண்டாம். உங்கள் ஊர்த் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லி, அவர் சொல்கிறபடி எடுத்துப் போங்கள்.

சரி, கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். எம்1911ஏ1 என்பதுதான் இந்த .45 ராணுவப் பிஸ்டலின் பெயர். அதைப் போர்க்காலத்தில் ஐந்து கம்பெனிகள் செய்தன. ரெமிங்டன் ராண்ட் என்ற தட்டச்சு இயந்திரக் கம்பெனிதான் அதிகம் செய்தது, எட்டு லட்சத்துக்கும் மேல். அடுத்து கோல்ட், அதற்கடுத்து இத்தாக்கா. சிங்கர் தையல் மிஷின் கம்பெனி ஐந்நூறு மட்டும். இவற்றுக்கு நடுவில் வருவது உங்களுடையது. யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல் என்பது ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1881இல் தொடங்கிய ரயில்வே சிக்னல் கம்பெனி. அதன் ஆலை ஸ்விஸ்வேலில் இருந்தது, அதாவது இன்றைக்கு நீங்கள் இருக்கும் பிட்ஸ்பர்க்கை ஒட்டி. 1943இல் 55,000 பிஸ்டல் செய்தார்கள். அத்தோடு ராணுவம் ஆர்டரை நிறுத்திக்கொண்டது. ரயில் பாதைக்குச் சிக்னலும் கிளை மாற்றியும் செய்து பழகிய கைகள் செய்த பிஸ்டல் என்பதாலோ என்னவோ, வேலைப்பாட்டில் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. எண்ணிக்கையும் குறைவு. சிங்கரை விட்டுவிட்டால், சேகரிப்பவர்கள் தேடி அலைகிற பெயர் இதுதான். மெருகு கலையாமல், பாகம் மாறாமல் இருக்கிற ஒன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறும். உங்கள் மனைவியின் ஊர்ப் பக்கத்திலேயே செய்தது என்பதால் உங்கள் குடும்பத்துக்கு அதில் இன்னும் ஒரு சிறப்பு இருக்கிறது.

ஆனால் ஸ்லைடில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ராணுவப் பட்டறைகளில் ஸ்லைடும், கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப்பாகமான ஃபிரேமும் சர்வசாதாரணமாக மாறிப்போகும். யாரும் ஜோடி பார்த்துப் பூட்டவில்லை. வரிசை எண் ஃபிரேமின் வலப்பக்கத்தில்தான் இருக்கும், ஸ்லைடில் எண் கிடையாது. உங்கள் ஃபிரேம் எண் 1041405 முதல் 1096404 வரைக்குள் இருந்தால் ஃபிரேமும் ஸ்விஸ்வேலில் செய்ததுதான். இடப்பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர்.சி.டி. என்ற மூன்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். அது ராபர்ட் டவுனி என்ற ராணுவ ஆய்வு அதிகாரியின் முத்திரை. ரெமிங்டன் ராண்டிலும் இத்தாக்காவிலும் எஃப்.ஜே.ஏ. இருக்கும், கோல்ட்டில் ஜி.ஹெச்.டி. இருக்கும். குழலின் அடியில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் ஹெச்.எஸ். என்று அடித்திருந்தால் அதுவும் பொருத்தமே. ஸ்விஸ்வேலில் குழல் செய்யவில்லை, ஹை ஸ்டாண்டர்ட் கம்பெனியிடமிருந்து வாங்கிப் பூட்டினார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஒரு நல்ல பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் பிடிக்க ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆர்.சி.டி. முத்திரையையோ, ஃபிரேம் எண்ணையோ சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். எஃகில் முத்திரையைச் சுத்தியலால் அடிக்கும்போது உலோகம் எங்கும் காணாமல் போவதில்லை. ஓரத்துக்குப் பிதுங்கி வரும். ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் மெல்லிய வரம்பு எழும்பி நிற்கும். விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். அந்த வரம்பு இருந்தால், 1943இல் ஆலையை விட்டு வந்த பிறகு இந்த இடத்தில் எவரும் அரம் வைக்கவில்லை, பஃப் போடவில்லை என்று அர்த்தம். எண்பது வருடச் சாட்சி அது. சேகரிப்பவர் பிஸ்டலைக் கையில் வாங்கியதும் முதலில் தடவிப் பார்க்கும் இடமும் அதுதான்.

பஃபிங் சக்கரம் முதலில் சாப்பிடுவது அந்த வரம்பைத்தான். துணிச் சக்கரம் மென்மையானது என்று தோன்றும். ஆனால் அது தட்டையான பரப்பைத் தட்டையாக விடாது. கூரான விளிம்பை உருட்டிவிடும். திருகு ஓட்டைகளின் வாயைக் கிண்ணம் மாதிரி குழிக்கும். நேர்கோடாக ஓடும் ஸ்லைடின் பக்கங்களில் அலை வரும். எழுத்துகள் ஆழம் குறைந்து மங்கும். பிறகு எவ்வளவு அழகாக நீலமேற்றினாலும் பழகிய கண்ணுக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். துருப் பள்ளம் மட்டும் மறையாது. பளபளக்கும் நீலத்துக்குக் கீழே பள்ளம் பள்ளமாகத் தெரிவதைவிடக் கண்ணை உறுத்துவது வேறில்லை. அதை மறைக்கத்தான் சிலர் இன்னும் ஆழமாகத் தேய்க்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைக்காரர் சொல்வது பளபளப்பான நீலம். உங்கள் பிஸ்டல் பிறந்தபோதே பளபளப்பு இல்லை. ஸ்விஸ்வேலில் எஃகின் மேல் மணலடித்து, அந்த மங்கலான பரப்பின் மேல் டியூ-லைட் என்ற சூடான காரக் குளியலில் கறுப்பேற்றினார்கள். வெளிச்சத்தை வாங்கி விழுங்கிக்கொள்ளும் கருநீலம் அது. போர்க்களத்தில் மினுங்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கண்ணாடி மாதிரி மின்னும் யூனியன் சுவிட்ச் பிஸ்டல் ஒன்று அந்த ஆலையிலிருந்து ராணுவத்துக்குப் போனதே இல்லை. ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போவது 'புதுசு மாதிரி' கூட அல்ல, ஒருகாலும் இல்லாத ஒன்று.

வேறு சில கடைகள் இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியென்றால் பார்க்கரைஸ் பண்ணித் தருகிறோம், ராணுவப் பிஸ்டல்தானே' என்பார்கள். அதற்கும் தலையாட்ட வேண்டாம். பார்க்கரைஸிங் என்பது கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள பாஸ்பேட் குளியல். சாம்பல் நிறம் வரும். போர்க்காலத்தில் மற்ற ஆலைகள் பெரும்பாலும் அதற்கு மாறின. உங்கள் ஆலை மாறவில்லை.

நம் வீடுகளில் குத்துவிளக்கு கறுத்தால் புளி போட்டுத் தேய்த்து மின்ன வைத்தால்தான் மனசு ஆறும். பழைய பொருளுக்கு மரியாதை செய்வது என்றால் அதைப் பளிச்சென்று ஆக்குவது என்றே நமக்குக் கை பழகியிருக்கிறது. இரும்புக்கும் பழைய ஆயுதத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. ஸ்லைடின் முனையில் நிறம் போனது உறைக்குள் போய்ப் போய் வந்ததால். கைப்பிடியின் பின்பக்கம் வெளுத்தது தாத்தாவின் உள்ளங்கை பட்டதால். அவர் அதை எப்படிச் சுமந்தார், எங்கே பிடித்தார் என்பதற்கு வேறு எந்த ஆதாரமும் உங்களிடம் மிச்சமில்லை. அந்தத் தேய்மானத்தைப் பழுது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

துரு மட்டும் வேறு கதை. அது உயிரோடு இருக்கிறது, வளர்கிறது, அதை நிறுத்தியே ஆக வேண்டும். துணியில் தொட்டால் ஆரஞ்சு நிறமாகப் பொடி ஒட்டுகிறதா? அப்படியென்றால் துரு இன்னும் வேலை செய்கிறது. ஒட்டாமல் பழுப்பாகவோ கறுப்பாகவோ படிந்து கிடந்தால் அது அடங்கிய துரு, அதைத் தொட வேண்டியதில்லை. சிவப்புத் துரு பஞ்சு மாதிரி, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியில் உள்ள எஃகைத் தின்னும். நீலமேற்றுவது என்று நாம் சொல்வதும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான், ஆனால் அது கறுப்பானது, இறுக்கமானது, எஃகோடு ஒட்டி நிற்பது. இரண்டும் ஒரே குடும்பம், குணம்தான் வேறு.

வீட்டிலேயே செய்யக்கூடியது இது. கைப்பிடியின் இரு பக்கமும் உள்ள பழுப்பு நிறப் பிளாஸ்டிக் தகடுகளைக் கழற்றித் தனியே வையுங்கள். அவை கீஸ் ஃபைபர் கம்பெனியுடையதாக இருக்கும். கரைப்பான் எதுவும் படக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். கழற்றும்போது ஸ்குரூடிரைவரின் நாக்கு திருகின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் திருகின் தலை சிதைந்துவிடும். பழைய திருகில் ஒரு கீறலும் இல்லாமல் இருப்பதற்கும் சேகரிப்பவர் விலை கொடுப்பார். துருப்பிடித்த இடத்தில் மெல்லிய துப்பாக்கி எண்ணெய் தடவி ஓரிரு நாள் ஊற விடுங்கள். அப்புறம் 1982க்கு முந்தைய ஒரு சென்ட் நாணயம் ஒன்றைத் தேடி எடுங்கள். அது ஏறக்குறைய முழுக்கத் தாமிரம், எஃகைவிட மென்மை. புதிய நாணயம் உள்ளே துத்தநாகம், அது வேண்டாம். நாணயத்தின் விளிம்பால் எண்ணெயோடு சேர்த்துத் துருவை மெதுவாகச் சுரண்டினால், துரு வரும், கறுப்பு நிற்கும். சுரண்டித் துடைத்து, புது எண்ணெய் வைத்து, மறுபடி. பொறுமை வேண்டும். ஒரே இரவில் முடிக்க நினைத்தால் நிறத்தையும் சேர்த்துக் கிளப்பிவிடுவீர்கள்.

அதற்கும் அசையாத துரு என்றால் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, வடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) கொதிக்க வைக்கும் முறையைக் கேளுங்கள். துருப்பிடித்த பாகத்தைச் சுத்தமான வடிநீரில் கொதிக்க விட்டால் சிவப்பு ஆக்சைடு கறுப்பாக மாறும். மேலே நிற்கும் பொடியை மென்மையான கம்பிப் பிரஷால் வருடி எடுத்தால் அந்த இடம் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போய்விடும். உலோகம் ஒரு துளியும் குறையாது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். இது பூச்சு இல்லை, இருக்கிற துருவையே நல்ல வழிக்குத் திருப்புகிறோம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பித்தளை பாலிஷ் கூடாது. எஃகு நார் கூடாது. கடையில் குப்பியில் விற்கும் குளிர்ந்த நீலம், அதாவது சூடாக்காமல் தடவி நிறமேற்றும் திரவம், கூடவே கூடாது. வெளுத்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தொட்டு வைக்கலாமே என்று கை பரபரக்கும். அது திட்டுத் திட்டாக வரும், சீக்கிரமே தேயும். வாங்க வருபவருக்கு இதில் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தையும் அதுவே கிளப்பும்.

தோல் உறையை இனி பிஸ்டலோடு சேர்த்து வைக்காதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதில் மிச்சமிருக்கும் ரசாயனம் எஃகை அரிக்கும். உங்கள் துருப்புள்ளிகள் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளேயும் பின்னாலும் கம்பெனிப் பெயர், வருடம், தாத்தாவின் பெயர் ஏதாவது இருக்கலாம். தனியே ஒரு பருத்தித் துணிப் பையில் வையுங்கள். பிஸ்டலுக்கு மெழுகுப் பூச்சு போதும். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950களில் உருவான ரெனசான்ஸ் மெழுகைத்தான் நானும் பயன்படுத்துகிறேன். மெல்லிசாகத் தடவித் துணியால் துடைத்துவிட்டால் விரல்ரேகையின் உப்பு எஃகைத் தொடாது. பூட்டிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சு வைத்த பெட்டியில் வருடக்கணக்கில் வைக்காதீர்கள்.

மாமனார் அதைச் சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டால்? முதலில் பழுதுபார்ப்பவரைக் கொண்டு விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுட்டதும் பின்னுக்குப் போகும் ஸ்லைடைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் பழைய ரீகாயில் ஸ்பிரிங்கை எடுத்து, சாதாரண 16 பவுண்டு ஸ்பிரிங் மாட்டுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கோடு சுட்டால் ஸ்லைடு ஃபிரேமில் மோதும். பழைய ஸ்பிரிங்கைச் சீட்டு எழுதி ஒரு பையில் வையுங்கள், அதுவும் இந்தப் பிஸ்டலின் பாகம்தான். 230 கிரெயின் (குண்டின் எடை) சாதாரண ராணுவ வகைத் தோட்டா மட்டும் போடுங்கள், அதிக அழுத்தத் தோட்டா வேண்டாம். என்னைக் கேட்டால், பிறந்தநாளுக்கு ஒரு மேகசின் சுட்டுவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

மெருகு மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்பே யாரோ பஃப் போட்டு எழுத்து மங்கிப்போன பிஸ்டல், ஸ்லைடு ஒரு கம்பெனி, ஃபிரேம் ஒரு கம்பெனி என்று கலந்துபோனது, முழுக்கப் பள்ளம் விழுந்தது, நிக்கல் பூசி அது உரிந்து நிற்பது என்றால் தாராளமாகப் போடலாம். அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. தினமும் இடுப்பில் சுமக்கும் துப்பாக்கி என்றாலும் சரி. ஆனால் ஒரு விதிவிலக்கு. ஃபிரேமில் ஏ.ஏ., ஆர்.ஐ.ஏ., எஸ்.ஏ. என்பது மாதிரி எழுத்துகள் கூடுதலாக அடித்து, பிஸ்டல் முழுக்கச் சாம்பல் நிறப் பார்க்கரைஸிங் இருந்தால், அது அகஸ்டா, ராக் ஐலண்ட், ஸ்பிரிங்ஃபீல்ட் மாதிரி ராணுவக் கிடங்கில் போருக்குப் பிறகு புதுப்பித்தது. விலை கொஞ்சம் குறையும். அதையும் மாற்றாதீர்கள். ராணுவமே செய்த வேலை, அதுவும் அதன் சரித்திரத்தில் ஒரு பகுதி.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வரிசை எண் அழிந்த, மாற்றிய துப்பாக்கியைத் தெரிந்து வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். ஃபிரேமை ஆழமாகத் தேய்க்கும் கடைக்காரரிடம் கொடுக்காமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம். அப்புறம், பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கி கைமாற வேண்டுமென்றால் உரிமம் பெற்ற டீலர் அல்லது ஷெரிஃப் அலுவலகம் வழியாகத்தான். கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை, தாத்தா பாட்டி பேரப்பிள்ளை இவர்களுக்கு இடையில் மட்டும் விலக்கு உண்டு. மருமகன் அந்தப் பட்டியலில் இல்லை. மாமனார் உங்கள் கையில் கொடுத்திருக்கிறார், அதனால் இது யார் பெயரில் இருக்கப் போகிறது என்பதை ஒரு டீலரிடம் கேட்டு இப்போதே சரிப்படுத்துங்கள். மகள் பெயரில் இருந்தால் எல்லாம் சுலபம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, இங்கே துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. நண்பர் பரிசாகக் கொடுத்தாலும் வாங்கிவிடாதீர்கள்.

இனி பரிசு. மெருகுக்குக் கொடுக்க நினைத்த பணத்தில், கண்ணாடி மூடியும் பூட்டும் உள்ள ஒரு மரப்பெட்டி செய்யச் சொல்லுங்கள். தாத்தாவின் ராணுவப் பணிச் சான்று, சீருடைப் படம் இருந்தால் அதன் பிரதி, ஆலையின் பெயரும் வருடமும் எழுதிய ஒரு அட்டை இவற்றைப் பக்கத்தில் வையுங்கள். பழைய வீட்டுக் காகிதக் கட்டுகளை இன்னும் எரிக்காமல் இருந்தால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் ராணுவம் உபரிப் பிஸ்டல்களை என்.ஆர்.ஏ. என்ற தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு அஞ்சலில் விற்றது. தாத்தா அந்த வழியில் வாங்கியிருந்தால் சீட்டு எங்காவது இருக்கும். எண் பொருந்தும் சீட்டு கிடைத்தால் பிஸ்டலுக்கு அது பெரிய பலம். அப்படி வாங்கியது என்றால், போரில் அவர் சுமந்தது இதுவல்ல என்பதும் அதோடு தெரிந்துவிடும். அதை மாமனாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அவரிடமே ஒரு தடவை கேட்டும் பாருங்கள். அப்பா கையில் இதைச் சின்ன வயதில் பார்த்திருப்பார். ஓரம் வெளுத்த அந்த உருவம்தான் அவர் மனசில் இருக்கும். அது புத்தம்புதிதாக வந்து நின்றால் அவருக்கு அடையாளமே தெரியாமல் போகலாம்.

ஃபிரேமின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் படமெடுத்து அனுப்புங்கள். எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிட்டு அனுப்பினாலே போதும். ஆர்.சி.டி. முத்திரை கிட்டத்தில் தெரிகிற மாதிரி ஒரு படமும், ஸ்லைடில் பி என்ற எழுத்து (சுட்டுச் சோதித்ததற்கான முத்திரை) இருந்தால் அது எந்த இடத்தில் என்று தெரிகிற மாதிரி ஒரு படமும் வேண்டும். அந்த ஆலை முதலில் பி அடிக்காமலும், பிறகு ஸ்லைடின் ஓரத்திலும், கடைசியில் வழக்கமான இடத்திலும் அடித்தது. உங்களுடையது எந்தக் கட்டத்தில் செய்தது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். அது தெரிந்தால் பெட்டியில் வைக்கும் அட்டையில் என்ன எழுதலாம் என்பதையும் சேர்த்தே எழுதி அனுப்புகிறேன்.